தண்டனை பெற்றோரின் குரலும் இழந்தோரின் வழக்கும்: ஸ்ரீபெரும்புதூர்ப் படுகொலையை முன்னிட்டு ஓர் ஆய்வு

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்ப் பொதுக்கூட்டத் திடலில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியோடு வெடிகுண்டுக்குப் பலியான ஹரிபாபு என்னும் புகைப்படக்காரரின் உடலருகே கண்டெடுக்கப்பட்ட காமிராவில் 10 படங்கள் சேதமின்றி எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்றில் கையில் சந்தனமாலையோடு நிற்கும் தணு என்ற பெண்ணை, அன்றுமுதல் இன்றுவரை, பத்திரிகை படிக்கும் தமிழர் ஏறக்குறைய அனைவரும் அறிவர். அவளுக்கு ஒருபுறம் வேறொரு தாய், மறுபுறம் ராஜீவ் காந்தியின் முன்னிலையில் கவிதை வாசிக்கக் காத்திருந்த அத்தாயின் மகள் என இருவர் நிற்கிறார்கள். அவ்விருவரும் அன்றிரவே மாண்டனர் என்பதை அப்படத்தைப் பன்முறை பார்த்தவர்களிலும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கொலையாளியை அடையாளங் காட்டுவது புலன்விசாரணைக்கு அவசியமாயிருந்த காரணத்தால் அந்நாளில் கண் அவள்மீது நிலைத்தது நியாயமே. விசாரணை முடிந்து, கொலை நடந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அப்பார்வை மாறாதிருப்பதுதான் ஆராயத்தக்கது.

பயங்கர வன்செயலில் தண்டனை பெற்றவருக்குப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் மேடை கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, கொடுக்கலாம் என்பதே என் விடை. ஆனால் அம்மேடை எவ்வகையில் அமைகிறது, அதில் எவருக்கு நாற்காலி போடப்படுகிறது, எந்தக் கேள்வி கேட்கப்படாமலே விடப்படுகிறது என்பவற்றை ஆராயாமல் அவ்விடையை மட்டும் சொல்லி நிறுத்துவது, இழந்தோர் திறத்து நாம் இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

இவ்வழக்கில் தமிழ்நாட்டின் அனுதாபம் எவ்வாறு உருப்பெற்றது என்பதை மணமேல்குடி போன்ற கரையோர ஊரிலிருந்து பார்த்தால் சற்றுத் தெளிவாக விளங்கும். இவ்வூரிலிருந்து கடலோரமாகவே வடகிழக்கே சென்று, அதிராம்பட்டினத்தையும் முத்துப்பேட்டைக் கழிமுகத்தையும் கடந்தால் வருவது கோடியக்கரை. கொலைச் சதியில் ஈடுபட்ட சிவராசன், சுபா, தணு முதலியோர் படகில் வந்து 1991 மே 1-ஆம் நாள் இறங்கிய இடம் அதுவே. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் பாக் நீரிணையைக் கடந்து வந்த அகதிகளின் துயரை நேரிற் கண்ட இக்கரைக்கு, அக்கரையில் ஆயுதம் ஏந்தியவர்கள் அந்நியராகத் தோன்றவில்லை. அந்த அனுதாபம் பொய்யன்று. அதற்கு உரிய காரணங்கள் இருந்தன. ஆயினும் ஓர் இனத்தின் துயர்பால் கொண்ட பரிவு, அந்த இனத்தின் பெயரால் செய்யப்பட்ட ஒரு கொலையில் தண்டனை பெற்றவர்பாலும் இயல்பாகவே வழிந்தோட, அதே கொலையில் மாண்ட தமிழ்நாட்டுக் காவலரின் வீட்டை அது எட்டாமலே நின்றுவிட்டது. இப்பக்கத்துக் கிராமங்களில் பகையாயிருந்த பங்காளியும் கேதம் கேட்கப் போவது வழக்கம். போகாதவனை ஊர் மறப்பதில்லை. நம் பத்திரிகை உலகமோ இவ்வழக்கில் கேதம் கேட்காமலே கருமாதிக்குப் பந்தி விசாரித்தது.

மேடை கொடுப்பதே கூடாது என்பாரின் வாதம் வலுவற்றது என்பதற்கு இவ்வழக்கே சான்று. 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரணதண்டனை விதித்தது. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள்தண்டனையாக மாற்றி, 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்ததோடு, தடாச் சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தது. அந்நால்வரில் ஒருவரான பேரறிவாளன் சிறைக்குள்ளிருந்து தம் தரப்பை எழுதி வெளியிட்டதும், அவருடைய தாயார் ஊர்ஊராகச் சென்று முறையிட்டதும் வழக்கைப் பொதுமக்கள் கண்முன் நிறுத்தின. பின்னர் 2013-இல், அவருடைய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த மத்தியப் புலனாய்வு அதிகாரி தியாகராஜன், குண்டுக்குப் பயன்பட்டதாகக் கூறப்பட்ட பேட்டரிகளை எதற்காக வாங்கித் தந்தேன் என்று அறியேன் எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். குரல்வளையை நெரித்திருந்தால் இவ்வுண்மை வெளிவந்திருக்குமா என்பது ஐயமே. 1988 முதல் 1994 வரை பிரிட்டிஷ் அரசாங்கம் ஐரிஷ் குடியரசுப் படையினரின் குரலை ஒலிபரப்பத் தடைவிதித்தபோது நடிகர்கள் அச்சொற்களை அப்படியே பேசிக்காட்டினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இதனினும் பழைய உதாரணம் ஒன்றுண்டு. காந்தியடிகள் கொலைவழக்கில் ஆயுள்தண்டனை அனுபவித்து வெளிவந்த கோபால் கோட்சேயை வரவேற்று 1964 நவம்பரில் புனாவில் ஒரு வைபவம் நடந்தது. தேசம் கொதித்தெழுந்தது, கொதித்தது முற்றும் சரியே. ஆனால் அந்த மேடையில்தான், திலகரின் பேரரான கேத்கர், கொலைத் திட்டம் தமக்கு முன்கூட்டியே தெரியும் என்று வாய்விட்டார். அதன் பயனாகவே நீதிபதி கபூர் விசாரணைக் கமிஷன் அமைந்தது. வைபவம் இழிவானது, அங்கு வெளிப்பட்ட செய்தியோ சரித்திரத்துக்கு இன்றியமையாதது. ஆகவே குற்றவாளி பேசுவதையும், பேசுவோனுக்கு மாலை சூட்டுவதையும் நாம் வேறுபடுத்தியே ஆகவேண்டும்.

2022 மே 18-இல் அரசமைப்பின் 142-ஆம் விதியின்கீழ்ப் பேரறிவாளன் விடுதலையானபோது முதலமைச்சர் அவரை ஆரத்தழுவினார். மறுநாள் காங்கிரஸ் கட்சியினர் வாயில் வெள்ளைத்துணி கட்டி நின்றனர். நவம்பர் 11-இல் எஞ்சிய அறுவரும் விடுதலை பெற்றனர். அந்நாட்களில் வெளியான பேட்டிகளில் பெரும்பாலானவை சிறைவாசத்தின் கொடுமையையும், தாயன்பையும், அடுத்த வாழ்க்கைத் திட்டங்களையும் பற்றியன. முப்பதாண்டுச் சிறை கொடியது, மரணதண்டனை ஒழிய வேண்டியது, அவர்களை விடுவித்தது சட்டப்படி சரியானது என்பவற்றில் எனக்கு மாறுபட்ட அபிப்பிராயம் இல்லை. எனினும் சட்டம் காட்டும் கருணை ஒன்று, சமூகம் அளிக்கும் கௌரவம் வேறொன்று. முன்னதற்கு இழந்தோரின் அனுமதி வேண்டுவதில்லை, பின்னதை அவர்கள் கண்ணெதிரே வழங்கும்போது அவர்களை ஒரு சொல்லாவது கேட்டிருக்க வேண்டும். இறந்தவர்களுக்காக வருந்துவதாக அவ்வறுவரில் ஒருவரான நளினி செய்தியாளரிடம் கூறினார். அவ்வருத்தம் எந்தச் செயலைக் குறித்தது, எந்தப் பொறுப்பை ஏற்றது என்று தொடர்ந்து வினவுவதே பேட்டி காண்போர் தொழில்.

இவ்விடத்தில் சொல்லப்படும் மறுமொழியொன்று உண்டு: ராஜீவின் குடும்பமே மன்னித்துவிட்டதே, பிறகென்ன? உண்மைதான். நளினியின் உயிருக்காகச் சோனியா காந்தி பரிந்துரைத்தார். 2000-இல் நளினியின் மரணதண்டனை குறைக்கப்பட்டது. 2008 மார்ச்சில் பிரியங்கா வேலூர்ச் சிறையில் அவரைச் சந்தித்தார். காந்தியடிகளின் புதல்வர்களான மணிலாலும் ராமதாஸும் கொலையாளி நாதுராம் கோட்சேயின் உயிருக்கு மன்றாடியதற்கு ஒப்பான பெருந்தன்மை இது. ஆனால் மன்னிப்பு என்பது சொந்தச் சொத்து; ஒரு குடும்பம் தன்னுடையதை வழங்கலாம், அடுத்த வீட்டாருடையதை எடுத்து வழங்க அதற்கு அதிகாரமில்லை. அன்று மாண்டவர்களில் காவல் கண்காணிப்பாளர் முகம்மது இக்பால் இருந்தார். சாதாரணக் காவலர்கள் இருந்தனர். கட்சித் தொண்டர்கள் இருந்தனர். தணுவைத் தள்ளி நிறுத்த முயன்று, படுகாயத்தோடு உயிர்பிழைத்த பெண் உதவி ஆய்வாளர் இவ்விடுதலையைக் கடைசிவரை எதிர்த்தார். 2014-இல் தமிழக அரசு எழுவரையும் விடுவிக்க முடிவெடுத்தபோது, குண்டுவெடிப்பில் இறந்தோரின் குடும்பத்தார் சிலர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2019 மே மாதம் அம்மனு தள்ளுபடியாயிற்று. தள்ளுபடிச் செய்தி வந்த அளவுக்கு மனுவில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வரவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு வெறும் அலட்சியத்தால் மட்டும் விளைந்ததன்று. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தடா வழக்கு மூடிய மன்றில் விசாரிக்கப்பட்டது. அரசுத்தரப்பில் 288 சாட்சிகள் கூண்டேறினர். அவர்கள் சொன்னதைச் செய்தியாளர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனுக்கு 2020 ஆகஸ்டில் தண்டனை விதிக்கப்படுமுன், பிழைத்தோரும் உறவினரும் நாட்கணக்கில் மன்றத்தில் அவன் முகத்துக்கு நேரே பேசினர், உலகம் கேட்டது. நம் வழக்கில் இழந்தோர் பேசியது அடைத்த கதவுக்குள், தண்டனை பெற்றோர் பேசியது திறந்த வெளியில் என்றாகிவிட, ஒரு தலைமுறை இரண்டாவதை மட்டுமே கேட்டு வளர்ந்தது.

இதற்குப் பரிகாரம் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மரணதண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முனைந்தபோது, பொது ஆவணங்களில் உள்ளவற்றை எவருடைய சம்மதமும் இன்றிப் பிரசுரிக்கலாம் என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. கொலைத்தண்டனை பெற்ற ஒருவன் கதையை அச்சேற்றுவதற்காகத் தமிழ்ப் பத்திரிகை வாதாடிப் பெற்ற உரிமை அது. அதே உரிமையைக் கொண்டு தீர்ப்புரைகளில் காணப்படும் காயமுற்றோரின் நிலையையும், குடும்பத்தாரின் இசைவோடு அவர்களது மனுக்களையும் நினைவுகளையும் தொகுத்து அச்சிடலாம். தண்டனை பெற்றவரின் பேட்டி வெளியாகும் அதே இதழில், அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து, மறுத்துரைக்க இடமும் ஒதுக்கலாம். 1991-இல் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று நடுவயதை எட்டிவிட்டனர். கணவரை இழந்த பெண்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதற்கு எஞ்சியுள்ள காலம் அதிகமில்லை. ஆராய்ச்சி மாணவரும் பத்திரிகையாளரும் அவர்கள் வீடுகளுக்கு இந்த ஆண்டே செல்லவேண்டும்.