புதுக்கடையும் ஓர் ஆடிய கதிரையும்

புதுக்கடை என்றதும் கொழும்புத் தமிழர்களுக்கு நினைவில் எழுவன நீதிமன்றங்களே. அவ்விடத்தின் மற்றைய பெயரான ஹல்ஸ்டோர்ப், கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறிக்க வந்து 1656 ஏப்ரலில் முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹுல்ஃப்டின் நினைவாக வந்தது. அடுத்த மாதமே நகரம் ஒல்லாந்தர் வசமாயிற்று.

வந்தவர்கள் போய்விட்டார்கள், அவர்களின் தளபாடச் சொற்கள் போகவில்லை. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகியன போர்த்துக்கேயர் தந்தவை. மேசை லாச்சியும் அந்த மேசை கிடந்த கந்தோரும் ஒல்லாந்தருடையவை. நீதிமன்றச் செய்தியாளனாக நான் புதுக்கடையில் அலைந்த காலத்தில், சட்டத்தரணிகளின் அறைகளில் இவற்றின் பழைய வடிவங்களைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஆடிக்கொண்டிருந்தவைதான்!

ஏன் ஆடுகின்றன? பழைய தச்சர் ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதன் துளையில் இறுக்கி, வச்சிரப் பசையும் மரஆணியும் இடுவார். மரம் ஈரம் குடித்தால் குறுக்கே பருக்கும்; நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. கொழும்பின் மழைக்காலத்தில் துளைக்குள் பருத்த கழுந்து தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. உலர்ந்ததும் முன்னிலும் மெலிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் இப்படியே கழிந்தால் பூட்டு தளராமல் என்ன செய்யும்?

விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் வெந்நீருக்கு இளகும். ஆகவே பூட்டைக் கழற்றலாம். மெலிந்த கழுந்தில் மரச்சீவலை ஒட்டித் தடிப்பாக்கலாம். புதிய வச்சிரம் பூசிக் கயிற்றால் சுற்றி, குச்சி செருகி முறுக்கி இறுக்கலாம். இரும்பாணி அடித்தாலோ மரம் பிளக்கும், துருவும் ஏறும்.

இதை அறியாமல் என் தந்தையாரின் தேக்குச் சாய்மனைக் கதிரைக்கு நானே நான்கு ஆணிகள் அடித்தேன். ஒரே ஆண்டில் அது மீண்டும் ஆடிற்று. 1983 யூலை தொடக்கத்தில், புதுக்கடையில் வேலை செய்துவந்த மொறட்டுவைத் தச்சர் ஒருவரிடம் அதை ஒப்படைத்தேன். ஆணிகளைக் கண்டதும் அவர் என்னைக் கடிந்துகொண்டார்.

அம்மாதம் 25ஆம் திகதி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தளபாடங்கள் அனைத்தும் தெருவிலிட்டுக் கொளுத்தப்பட்டன. அகதி முகாமிலிருந்து வெளிவந்து, ஓகஸ்ட் இறுதியில் அச்சத்துடனேயே புதுக்கடைக்குப் போனேன். தமிழர் வீட்டுப் பொருளை வைத்திருப்பதே ஆபத்தாயிருந்த நாட்கள் அவை. அந்தச் சிங்களத் தச்சர் பட்டறையின் பின்புறத்தில், சாக்கினால் மூடியிருந்த கதிரையைக் காட்டினார். பூட்டுகள் கழற்றப்பட்டு, துளைகள் அடைக்கப்பட்டு, புதுப் பசையில் இறுகியிருந்தன. கூலி வாங்க மறுத்தார். நான் அடித்த நான்கு ஆணிகளையும் பத்திரிகைத் தாளில் மடித்து என் கையில் தந்தார்.