எங்கும் போகாத கப்பல்

2020 டிசம்பர் 9. விடிய இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்ற சொகுசுக் கப்பலில் 1,680 பயணிகள் உறக்கத்தில் இருக்கிறார்கள். திடீரென்று ஒலிபெருக்கி உயிர்பெறுகிறது: யாரும் அறையை விட்டு வெளியே வர வேண்டாம். வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போன 83 வயது முதியவர் ஒருவருக்குக் கொரோனா என்று சோதனை முடிவு வந்துவிட்டது. நான்கு நாள் பயணம் மூன்றாம் நாள் காலையிலேயே சிங்கப்பூர்த் துறைமுகத்தில் முடிந்தது. காலை உணவு, மதிய உணவு எல்லாம் அறை வாசலுக்கே வந்தன. அன்று மாலைதான் பயணிகள் இறங்க முடிந்தது. மறுநாள் இன்னொரு செய்தி வந்தது: திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்ததில் பெரியவருக்கு நோயே இல்லையாம்.

கப்பல் திரும்புவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. ஆகவும் முடியாது. அது எங்கும் போகவில்லையே.

கொரோனாக் காலத்துச் சிங்கப்பூரின் விசித்திரங்களில் இந்த எங்கும் போகாத பயணமும் ஒன்று. மரினா பே கப்பல் முனையத்தில் ஏறினால் இரண்டு மூன்று இரவுகள் கடலில் மிதந்துவிட்டு, வேறெந்தத் துறைமுகத்தையும் தொடாமல் ஏறிய இடத்திலேயே இறங்க வேண்டும். அக்டோபரில் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் அனுமதி தந்தது. நவம்பர் 6ஆம் தேதி கெந்திங் நிறுவனத்தின் வேர்ல்ட் ட்ரீம் முதலில் கிளம்பியது. டிசம்பரில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் சேர்ந்துகொண்டது. சூதாட்டத்துக்காக ஓரிரவு கடலுக்குள் போய்வரும் கப்பல்கள் அந்த ஊருக்குப் பழையவைதான். ஆனால் எல்லைகள் மூடிக் கிடந்தபோது, மனைவி மக்களோடு விடுமுறை கழிக்க ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த ஒரே கடல்வழி இதுதான்.

ஏறுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு மட்டுமே டிக்கெட். கப்பலின் கொள்ளளவில் பாதிப் பேரைத்தான் ஏற்றலாம். ஏறுமுன் கொரோனா சோதனை எடுத்து, நோய் இல்லை என்ற முடிவு கையில் இருக்க வேண்டும். யார் யாருக்கு அருகில் நின்றார்கள் என்று பதியும் ட்ரேஸ்டுகெதர் செயலியோ வில்லையோ கட்டாயம். குவாண்டத்தில் போதாக்குறைக்கு மணிக்கட்டில் ஒரு பட்டை வேறு. பஃபேயில் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நின்றது. கரண்டி ஊழியர் கையில்.

ஊழியர்களுக்கான விதிகளைப் படித்தால்தான் திகைப்பு வரும். சொந்த நாட்டில் 14 நாள் தனிமை, பிறகு சோதனை, சிங்கப்பூர் வந்ததும் மறுபடி 14 நாள் தனிமை, அதன் பிறகும் குறித்த இடைவெளியில் சோதனைமேல் சோதனை. குவாண்டம் திரும்பிய அன்று அதில் இருந்த ஊழியர்கள் 1,148 பேர். மூன்று நாள் உல்லாசத்துக்குச் சோறு பரிமாறவும் படுக்கை விரிக்கவும் வந்தவர்கள் ஒரு மாதம் அடைந்து கிடந்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தார்கள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் ஜப்பானின் யோக்கோஹாமா. 2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் அங்கே தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். 712 பேருக்கு நோய் கண்டது. பயணிகள் அறைக்குள் இருந்தார்கள். ஊழியர்கள் அப்படி இருக்க முடியவில்லை. ஒரே அறையைப் பகிர்ந்து தூங்கி, எழுந்து, பயணிகளின் கதவுகளுக்குத் தட்டு தூக்கினார்கள். அவர்களில் 145 பேருக்குத் தொற்று. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். சிலர் தங்களைக் காப்பாற்றும்படி கேட்டுக் காணொளி வெளியிட்டதைத் தமிழ்நாட்டில் பலரும் பார்த்திருப்பார்கள். அடுத்த மாதம் மலேசியாவும் தாய்லாந்தும் வாசலை அடைத்த கோஸ்டா ஃபார்ச்சூனா என்ற கப்பலை மார்ச் 10 அன்று சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது. மூன்றே நாளில் எல்லா உல்லாசக் கப்பல்களுக்கும் தன் துறைமுகத்தை மூடியது.

தொற்று வரும் கப்பலை என்ன செய்வது என்ற கேள்வி அந்தத் துறைமுகத்துக்குப் புதிதல்ல. 1873இல் காலரா சிங்கப்பூரைப் பிடித்து உலுக்கியது. அடுத்த ஆண்டே, தெற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமை முகாம் கட்டினார்கள். 1874 நவம்பரில் முகாம் தயாரான கையோடு, சீனாவின் சுவாட்டோ துறைமுகத்திலிருந்து காலரா பரவிய கப்பலில் வந்த சுமார் 1,300 பேர் அங்கே இறக்கப்பட்டனர். அதன் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, தனிமைப்படுத்தலைக் குறிக்கும் மஞ்சள் கொடியோடு நங்கூரமிட்ட கப்பலில் துறைமுக மருத்துவர் ஏறுவதும், அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகப் பயணிகள் காத்திருப்பதும் அன்றாடக் காட்சி.

அந்தச் சொல் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

தமிழர்களை மலாயாவுக்குக் கொண்டுபோன பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களைப் பாருங்கள். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் போகும் வரிசை அது. அவற்றில் புகழ்பெற்றது 1926இல் கட்டப்பட்ட ரஜூலா. அதில் அறைப் பயணிகள் இருநூறு பேர்கூட இல்லை; மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலுமாக டெக் பயணிகள் ஐயாயிரத்துக்கு மேல் ஏறலாம் என்று தொடக்கத்தில் அனுமதி இருந்தது. டெக் டிக்கெட் என்றால் கட்டில் கிடையாது. கொண்டுவந்த பாயை விரித்த இடம்தான் இடம். தலைமாட்டில் டிரங்குப் பெட்டி.

கப்பலில் அம்மையோ காலராவோ தலைகாட்டினால் இந்த இரண்டு கூட்டமும் பிரிந்துவிடும். அறைப் பயணிகளை மருத்துவர் பார்த்து, முகவரி வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் ஊருக்குள் விட்டுவிடுவார். டெக் பயணிகள் படகில் தீவுக்குப் போவார்கள். துணிமணிகள் ஆவிக்கூண்டுக்குள் போகும், மருந்து கலந்த நீரில் குளியல், அம்மைக்குத்து, பிறகு நீளமான கொட்டகைகளில் நாள் எண்ணுதல். தோட்டத்து வேலைக்குப் போன தமிழர்கள் பெரும்பாலும் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியதால், பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவு அவர்களில் பலருக்கு மலாயாவில் முதல் தங்கல். கிருமிக்கு டிக்கெட்டின் வகுப்பு தெரியாது என்பது அன்றைய மருத்துவர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் பங்களாவில் தங்குகிறவரைத் தேடிப் பிடிக்கலாம், கூலி லயத்தில் கலந்துவிட்டவரைப் பிடிக்க முடியாது என்பது நிர்வாகத்தின் கணக்கு. கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கணக்கு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்ததுதான் விஷயம்.

செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு வேறு வேலைகளும் வந்தன. மெக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகள் அங்கே தங்கினார்கள். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் அரசியல் கைதிகளை அங்கே அடைத்தார்கள். பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான சி. வி. தேவன் நாயர் அவர்களில் ஒருவர். விமானம் வந்து கப்பல் பயணத்தை விழுங்கியதும் முகாமுக்கு வேலை குறைந்தது. 1970களில் தீவு விடுமுறைத் தலமானது. இன்று அங்கே போகும் படகு கிளம்பும் மரினா சவுத் படகுத்துறைக்கும், உல்லாசக் கப்பல்கள் நிற்கும் மரினா பே முனையத்துக்கும் ஒரே ரயில் நிலையத்தில்தான் இறங்க வேண்டும்.

அந்த முனையத்தில் 2020 ஏப்ரல் இறுதியிலிருந்து வேறு வகைப் பயணிகள் தங்கியிருந்தார்கள். சூப்பர்ஸ்டார் ஜெமினி, சூப்பர்ஸ்டார் அக்வேரியஸ் என்ற இரண்டு உல்லாசக் கப்பல்களை அரசு எடுத்து, கொரோனாவிலிருந்து மீண்ட வெளிநாட்டு ஊழியர்களை அவற்றில் குடிவைத்தது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் கப்பல்பட்டறைக்கும் வந்தவர்கள். நீச்சல்குளமும் கேளிக்கைக் கூடங்களும் பூட்டியிருந்தன. ஆனாலும் பத்துப் பேருக்கு மேல் நெருக்கியடித்துக் கிடந்த விடுதி அறையிலிருந்து வந்தவருக்குக் கப்பல் அறை எவ்வளவோ மேல்தான். அரசின் யோசனை நல்ல யோசனை. அதைக் குறை சொல்வதற்கில்லை.

குறை வேறிடத்தில். குவாண்டம் அவசரமாகத் திரும்பிய ஐந்தாம் நாள், டிசம்பர் 14 அன்று, அமைச்சுகள் ஒரு கணக்கை வெளியிட்டன. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 வெளிநாட்டு ஊழியர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதற்குள் விடுதிகளில் நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது. இருந்தும் அவர்கள் வேலைக்கும், அனுமதி வாங்கிக்கொண்டு பொழுதுபோக்கு நிலையத்துக்கும் மட்டுமே போக முடிந்தது. கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. ஊரில் இருப்பவர் சோதனை ஒன்றை எடுத்துக் காட்டினால் ஆயிரக்கணக்கானோரோடு மூன்று இரவு கப்பலில் இருக்கலாம். ஒவ்வொரு இரண்டு வாரமும் சோதிக்கப்பட்ட ஊழியர் தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு பிடி கறிவேப்பிலை வாங்க முடியாது.

2021 ஜூலையில் வேர்ல்ட் ட்ரீமுக்கும் அதே கதி வந்தது. கரையில் நோயாளி ஒருவரோடு பழகிய 40 வயதுப் பயணிக்குத் தொற்று உறுதியானது. கப்பல் முன்னதாகவே திரும்பியது. இந்த முறை சோதனை பொய்க்கவில்லை. ஆனாலும் பயணங்கள் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில்தான் விடுதி ஊழியர்களுக்கு முதல் கதவு திறந்தது. தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர்வரை தேக்கா, கேலாங் சிராய் பகுதிகளுக்குப் போய்வரலாம், ஆறு மணி நேரம்.

வேர்ல்ட் ட்ரீமை நடத்திய கெந்திங் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் நொடித்தது. மார்ச்சில் வேர்ல்ட் ட்ரீம் தன் கடைசிப் பயணத்தை முடித்தது. ஜூன் 15ஆம் தேதி, கெந்திங் ஹாங்காங்கின் தலைவராக இருந்தவரே தொடங்கிய புதிய நிறுவனத்தின் பெயரில் கெந்திங் ட்ரீம் என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது. அதே ஜூன் 24ஆம் தேதி முதல், விடுதி ஊழியர்கள் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று அரசு அறிவித்தது. நான்கு இடங்களுக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த நான்கில் ஒன்று தேக்கா.