செல்கள் எதை உண்கின்றன? பரேலின் ஆட்டிறைச்சிச் சாறு முதல் சீரமற்ற இறைச்சி வரை

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் இறைச்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதை உண்ணலாமா என்பதே பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த இறைச்சி எதை உண்டு வளர்ந்தது? இக்கேள்வி மும்பைக்குப் புதியதன்று. ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரம் இதை எதிர்கொண்டு, தனக்கான விடையையும் கண்டது.

1896ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. பைகுல்லாவிலுள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சிறிய அறையொன்றில் வால்டமார் ஹாஃப்கின் தடுப்பூசி ஆய்வைத் தொடங்கினார். 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவரது முறை எளியது: இறைச்சிச் சாற்றின் மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டுப் பிளேக் கிருமியை வளர்த்தல், பின் வெப்பத்தால் அதைக் கொல்லுதல். கிருமியைத் தனியே பிரித்தெடுப்பதில்லை. வளர்த்த சாறும் ஊசிவழி உடலுக்குள் சென்றது. ஆகவே அச்சாறு எந்த விலங்கிலிருந்து வந்தது என்பது வெறும் ஆய்வகச் செய்தியாக நிற்கவில்லை. மாட்டிறைச்சியை ஒருசாராரும் பன்றியிறைச்சியை மறுசாராரும் விலக்கிய நகரில், ஆட்டிறைச்சியை அமிலத்தால் செரிக்கவைத்து எடுத்த சாறு தேர்ந்தெடுக்கப்பட்டது.

1899இல் அந்த ஆய்வகம் பரேலுக்கு இடம்பெயர்ந்தது. 1925இல் ஹாஃப்கின் பெயரைப் பெற்றது. 1932 முதல் அதன் இயக்குநராக இருந்த சாஹிப் சிங் சோக்கி அடுத்த அடியை எடுத்துவைத்தார். பாலின் புரதமான கேசீனை அமிலத்தால் சிதைத்துக் கிடைக்கும் கரைசலில் பிளேக் கிருமியை நன்கு வளர்க்க முடியும் என்று அவரது குழு காட்டியது. இறைச்சி, சாற்றிலிருந்து வெளியேறியது. கிருமிக்குத் தேவைப்பட்டது இறைச்சி அன்று, அமினோ அமிலங்களே என்பது தெளிவாயிற்று.

விலங்குச் செல்களின் கதை இவ்வளவு எளிதில் முடியவில்லை. பாக்டீரியா தனித்து வாழப் பழகிய உயிர். உணவு கிடைத்தால் அதற்குப் போதும். விலங்குச் செல்லோ உடலென்னும் கூட்டுக் குடும்பத்தில் வாழ்வது. உணவோடு, "இப்போது பெருகு", "இப்போது நில்" என்னும் ஆணைகளும் அதற்கு வேண்டும். அவ்வாணைகளைச் சுமந்து வருவது குருதி. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளையின் நிணநீரில் நரம்பிழைகளை வளர்த்தார். அலெக்ஸிஸ் காரல் கோழியின் பிளாஸ்மாவையும் கருச்சாற்றையும் பயன்படுத்தினார். 1950களில் ஹாரி ஈகிள் செல்களுக்கு வேண்டிய அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் உப்புகளையும் பட்டியலிட்டார். ஆயினும் அப்பட்டியலோடு சிறிதளவு சீரமும் சேர்க்க வேண்டியிருந்தது. 1958 அளவில் தியோடர் பக் பசுவின் கருக்கன்றின் சீரத்தைப் பயன்படுத்திக் காட்டியபின், அதுவே உலக ஆய்வகங்களின் வழக்கமாயிற்று.

சீரம் என்பது இலத்தீனில் மோர்த்தெளிவைக் குறித்த சொல். பால் திரிந்து தயிர்க்கட்டி ஒதுங்கியபின் நிற்கும் நீரின் பெயரே, குருதி உறைந்தபின் நிற்கும் நீருக்கும் ஆயிற்று. மொழியியல் பயின்றவளுக்கு இவ்வுவமை சுவையானது. ஆனால் அச்சொல் மறைப்பதே மிகுதி. அந்த ஒரு பெயருக்குள் ஆல்புமின், இன்சுலின், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், கொழுப்புகள், எண்ணற்ற வளர்ச்சிக் காரணிகள் யாவும் அடங்குகின்றன. ஒரு குப்பியின் சேர்க்கை மறு குப்பியில் இராது. அதைப் பெறும் வழியோ இன்னும் கடியது. சினைப்பசு வெட்டப்படும்போது கருப்பையிலிருக்கும் கன்றின் இதயத்தில் ஊசியிட்டுக் குருதி எடுக்கப்படுகிறது. மாட்டிறைச்சித் தொழில் பெருகிய இடத்திலேயே இச்சீரமும் பெருகும். பசுவதை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், காளை, எருது வெட்டுதல் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் தடுக்கப்பட்ட மகாராஷ்டிரத்தில், செல் வளர்க்கும் ஆய்வகம் ஒவ்வொன்றும் எங்கோ நடந்த வதையின் விளைபொருளைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறது என்பது நாம் அரிதாகவே பேசும் முரண்.

2013 ஆகஸ்ட் 5 அன்று இலண்டனில் மார்க் போஸ்ட் முதல் ஆய்வக மாட்டிறைச்சி பர்கரை மேடையேற்றினார். அதன் தசைச் செல்களும் கருக்கன்றுச் சீரத்தில் வளர்ந்தவையே. 2020இல் சிங்கப்பூரில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்ற முதல் ஆய்வகக் கோழியிறைச்சியின் உற்பத்தியிலும் சிறிதளவு சீரம் இருந்தது. சீரமற்ற முறைக்கான ஒப்புதல் 2023இல்தான் வந்தது. கொல்லாமல் கிடைக்கும் இறைச்சி என்ற உறுதிமொழி, அதுவரை இறைச்சிக்கூடத்தின் வாசலில்தான் நின்றிருந்தது.

சீரத்தை நீக்குவதென்றால் அதன் ஒற்றைப் பெயரை உடைத்து, உள்ளிருப்பவற்றைத் தனித்தனிப் பெயர்களாக எண்ணியாக வேண்டும். 1960களில் ரிச்சர்ட் ஹாமும், 1970களில் கார்டன் சாட்டோவும் அவ்வழியைத் திறந்தனர். சீரத்தின் வேலையை ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் பகிர்ந்து செய்ய முடியும் என்று சாட்டோ காட்டினார். தசையில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. தசைநார்களை ஒட்டி உறங்கும் துணைச் செல்கள் முதலில் பெருக வேண்டும். பின் பெருக்கத்தை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து நாராக வேண்டும். முதற்கட்டத்தில் சீரத்தை மிகுதியாக ஊட்டிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் சட்டென்று குறைத்துச் செல்களைப் பட்டினி போடுவதே பழைய உத்தி. சீரமே இல்லையெனில் அந்தப் பட்டினிக் குறிப்பும் இல்லை.

இரு கட்டங்களுக்குமான விடைகள் 2022இல் வெளியாயின. போஸ்ட் இணைந்து நிறுவிய மோசா மீட் நிறுவனத்தின் ஆய்வர்கள், செல்லின் மேற்பரப்பு ஏற்பிகளைத் தூண்டிப் பட்டினியின்றியே நாராக்கும் ஊடகத்தை விவரித்தனர். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு, பெருக்கக் கட்டத்திற்கு ‘பீஃபி-9’ என்ற ஊடகத்தை முன்வைத்தது. இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம், வைட்டமின் சி, சில வளர்ச்சிக் காரணிகள் கொண்ட முந்தைய கலவையோடு, விலங்கிலிருந்து எடுக்காமல் உருவாக்கிய ஆல்புமினைச் சேர்த்ததே அதன் திறவுகோல். அதைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் செல்கள் பாத்திரத்தில் ஒட்டுவது தடைப்படுகிறது. ஒருநாள் பொறுத்துச் சேர்த்தால் செழிக்கின்றன. ஆனால் ஆல்புமின் விலையுயர்ந்தது. எனவே அதே குழு பின்னர், கடுகினத்தைச் சேர்ந்த ரேப்சீடிலிருந்து பிரித்த புரதத்தைக் கொண்டு அதை ஈடுசெய்தது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கு நம் ஊர்களில் காலங்காலமாக மாட்டுக்குத்தான் போகிறது. இனி மாட்டின் தசைச் செல்லுக்கும் அது நேரடியாகப் போகலாம்.

இங்குதான் மாட்டுங்கா இக்கதைக்குள் வருகிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கி, இன்று வேதித் தொழில்நுட்ப நிறுவனமாக அங்கு விளங்கும் கல்விக்கூடம், எண்ணெய், உணவு, நொதித்தல் ஆகியவற்றில் நெடுங்காலப் பயிற்சி உடையது. 2019இல் செல்வழி வேளாண்மைக்கென ஒரு சிறப்பு மையம் அமைக்கக் குட் ஃபுட் இன்ஸ்டிட்யூட்டோடு அது உடன்பாடு செய்துகொண்டது. வளர்ப்பூடகத்தின் விலையைக் குறைப்பது உயிரியலைப் போலவே வேதிப் பொறியியலின் பணியுமாகும். சோக்கியின் பரேலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே அதே கேள்வி மீண்டும் கேட்கப்படுகிறது.

மாட்டுங்காவை அடுத்திருப்பது தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழகத்தின் தோல் பதனிடுவோர் வந்து குடியேறிய இடம் அது. அருகிலிருந்த பாந்திரா இறைச்சிக்கூடமே அவர்களுக்குத் தோல் தந்தது. 1971இல் இறைச்சிக்கூடம் செம்பூரை ஒட்டிய தேவ்னாருக்குப் பெயர்ந்தபின்னும், அத்தொழிலின் நிழலில் வாழ்ந்த குடும்பங்கள் பல. வெட்டப்பட்ட விலங்கின் எப்பகுதியும் வீணாகாத பொருளாதாரம் அது. ஆய்வக இறைச்சியில் தோல் இல்லை, எலும்பு இல்லை, குடல் இல்லை. அவற்றைக் கொண்டு பிழைக்கும் மனிதருக்கும் இடமில்லை.

அதனினும் என்னை உறுத்துவது ஒரு சொல். 2010களின் பிற்பகுதியில் இத்துறையினர் தம் பொருளைத் ‘தூய இறைச்சி’ என்று பரவலாக விளம்பரப்படுத்தினர். 2019 முதல் ‘வளர்த்த இறைச்சி’ என்ற பெயர் முன்னுக்கு வந்தது நல்லதே. தோலைத் தொட்டதாலேயே மனிதரைத் தீட்டென்று விலக்கிய சமூகத்தில், ‘தூய’ என்ற அடைமொழி தூய்மையற்றவர் யார் என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடும். தமிழில் இத்துறைக்குக் கலைச்சொல் ஆக்குவோர் அச்சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சீரம் நீங்குவதை நான் வரவேற்கிறேன். கருக்கன்றின் குருதி வேண்டாத ஊடகம் அறத்திலும் அறிவியலிலும் முன்னேற்றமே. அதில் என்னென்ன எவ்வளவு உள்ளன என்று உண்பவருக்குச் சொல்ல முடியும். அதைச் சொல்ல நமக்குப் ‘புரதம்’, ‘உப்பு’, ‘புண்ணாக்கு’ போன்ற சொற்களே போதுமானவை.