பேழை நகரத்து நோவா

உரோமைப் பேரரசின் கீழ்த்திசை மாகாணங்களில் வெண்கலக் காசுகளை அந்தந்த நகரங்களே அச்சிட்டுக் கொண்டன. முன்பக்கத்தில் பேரரசரின் தலை. பின்பக்கத்தில் நகரம் தன் பெருமையெனக் கருதிய ஏதேனும் ஒன்று. எபேசு தன் அர்த்தமி கோவிலைப் பொறித்தது. பிரிகியாவிலிருந்த அப்பமேயாவோ, நாம் சற்றும் எதிர்பாராத ஒருவரைப் பொறித்தது.

செப்தீமியு செவேருசு (193-211) காலம் தொடங்கி, திரெபோனியானுசு கால்லுசு (251-253) காலம் வரை வெளிவந்த அக்காசுகளில், நீர்மேல் ஒரு பெட்டி மிதக்கின்றது. அதனுள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். திறந்த மூடியின்மேல் ஒரு பறவை. கிளையோடு பறந்து வருவது மற்றொன்று. பக்கத்தில் அதே இருவர் தரையில் நின்று வலக்கையை உயர்த்துகின்றனர். பெட்டியின்மேல் மூன்றே கிரேக்க எழுத்துகள்: நோவே. நம் நோவாதான்!

புறவினத்தார் நகரில் இது எவ்வாறு நேர்ந்தது? அப்பமேயாவுக்குக் 'கிபோத்தோசு' என்றொரு பட்டப்பெயர் இருந்தது. பெட்டி என்பது அதன் பொருள். சரக்குப் பெட்டிகள் வந்து குவியும் பெருஞ்சந்தையாதலால் அப்பெயர் பெற்றதென்பர். எழுபதின்மரின் கிரேக்க விவிலியம் நோவாவின் பேழைக்கும் உடன்படிக்கைப் பேழைக்கும் இச்சொல்லையே வழங்குகின்றது. எபிரேயத்தில் இவை இருவேறு சொற்கள். கிரேக்கத்தில் ஒன்றே, நம் தமிழிலும் ஒன்றே. கப்பலாக நோவாவின் பேழையை ஓவியங்களில் கண்டு பழகிய நமக்கு, 'பேழை' என்ற சொல்லே அது பெட்டி என்று சொல்லிக் கொண்டிருக்கின்றது.

இதனைக் கிறிஸ்தவர் கைவண்ணம் என்பாரும் உளர். நமக்கு அது ஏற்புடையதாகத் தோன்றவில்லை. அந்தியோக்கு மன்னர் மூன்றாமவர் பாபிலோனியாவிலிருந்து இரண்டாயிரம் யூதக் குடும்பங்களை லீதியாவிலும் பிரிகியாவிலும் குடியேற்றியதாக யோசேப்பு எழுதுகின்றார். கி.மு. 62-இல் ஆளுநர் பிளாக்கு அப்பமேயாவில் பறித்த யூதர்களின் கோவில் காணிக்கைப் பொன் ஏறக்குறைய நூறு இராத்தல் என்பதைச் சிசரோவின் வாதவுரையால் அறிகின்றோம். அவ்வளவு பழமையும் வளமும் வாய்ந்த சமூகம் தன் கதையை அண்டை வீட்டாருக்குச் சொல்லாமலா இருந்திருக்கும்? பிரிகியாவின் மலையிலேயே பேழை தங்கியது என்று சிபில்லாவின் வாக்குகளும் கூறுகின்றன.

தொடக்கநூலின் பேழையில் எண்மர்; காசிலோ இருவர். பெருவெள்ளத்தில் பெட்டியேறிப் பிழைத்த தெயுக்கலியோன், பிர்ரா இணையரின் கதையைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அம்மூன்று எழுத்துகள் இல்லையேல், சந்தையில் அக்காசை வாங்கிய கிரேக்கர் அந்த இருவரையே அதில் கண்டிருப்பர்.