எச்சில், தீட்டு, தொற்று

கொள்ளைநோய் ஒன்று தலைகாட்டும்போதெல்லாம் அதனுடன் ஒரு பழைய வழக்கும் மன்றத்துக்கு வந்துவிடுகிறது. சுத்தமானவர் யார், நாமா அயலாரா என்பதே அவ்வழக்கு. 2009-ஆம் ஆண்டு பன்றிக் காய்ச்சல் பரவியபோது எகிப்து அரசு தன் நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல ஆணையிட்டது. அந்நோய் அப்போது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிக்கொண்டிருந்தது. கெய்ரோவின் குப்பையை அள்ளி, அதிலிருந்த உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு இட்டு வாழ்ந்த எளிய கிறித்தவக் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. உணவுக் கழிவு தெருக்களில் தேங்கி நாறியது. சுத்தத்தைத் தேடிப் புறப்பட்ட அச்சம் அசுத்தத்தில் போய் முடிந்தது.

2020-இல் கொரோனா வந்தபோது நம்மவர் வேறு வகையில் பேசினர். கைகுலுக்காமல் கைகூப்புவதும், வாய் வைக்காமல் அண்ணாந்து நீர் குடிப்பதும், வெளியே சென்று வந்தால் கால் கழுவுவதும் நம் முன்னோர் அன்றே அறிந்த மருத்துவம் என்ற செய்திகள் கைப்பேசி தோறும் உலவின. இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு? இதை எடைபோட, இரு நூற்றாண்டுகளுக்கு முன் தென்னாட்டில் வாழ்ந்த ஓர் அயல்நாட்டவரைச் சாட்சியாக அழைப்பது நலம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. 1792-இல் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு, புதுச்சேரி மறைப்பணியைச் சார்ந்து தமிழ்நாட்டிலும், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் மைசூர்ப் பகுதியிலும் வாழ்ந்தார். இந்நாட்டு உடை உடுத்து, இந்நாட்டார் போலவே வாழ்ந்து, 1823-இல் நாடு திரும்பினார். மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் தந்த கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. 1816-இல் அது லண்டனில் ஆங்கில நூலாக வெளிவந்தது. அந்நூலின் பெரும்பகுதி, அவருக்கு முன் இங்கு வாழ்ந்த கோர்து என்னும் சேசு சபைத் துறவியின் கையெழுத்துப் படியைத் தழுவியது என்பதைச் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பின்னாளில் நிறுவினார். ஆகவே இதை ஒருவரின் சாட்சியம் என்பதைவிட, தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஐரோப்பியர் இருவரின் கூட்டுச் சாட்சியம் என்று கொள்வதே பொருந்தும்.

அந்நூலில் நம் பொருளுக்கு உதவும் பகுதி எச்சிலைப் பற்றியது. ஐரோப்பியர் மூக்கைச் சிந்தி, அந்தக் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துவதைக் கண்டு இந்நாட்டார் அருவருத்தனர் என்று அது கூறுகிறது. குவளையில் உதடு வைத்துக் குடிப்பதையும் அவர்கள் பொறுக்கவில்லை. நாள்தோறும் புதுக் குச்சி ஒடித்துப் பல் துலக்குவோருக்கு, எச்சில் பட்ட தூரிகையையே மறுநாளும் வாயிலிடுவது விளங்காத செயலாக இருந்தது. ஐரோப்பியர் இந்தியரை அசுத்தமானவர் என்று எழுதிக் குவித்த காலத்தில், அதே கண்ணாடியைத் தம்மவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியது இந்நூலின் சிறப்பு.

இங்குச் சொல்லாராய்ச்சி சற்றுத் துணை செய்யும். எஞ்சுவது எச்சம், உண்டு எஞ்சியது எச்சில். வாயூறு நீரையும் உண்டு மிஞ்சிய உணவையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஒருவர் வாய் பட்டது இன்னொருவர் வாய்க்குப் போகலாகாது என்ற எச்சரிக்கை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சளிக்காய்ச்சல் போன்ற நோய்கள் இருமல், தும்மல், எச்சில் வழியே பரவுவதை அறிந்த இன்றைய மருத்துவம் இந்த எச்சரிக்கையை மறுக்காது. முன்னோர் அறிவு என்னும் கட்சிக்கு இதுவரை வெற்றிதான்.

ஆனால் எச்சிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் நிற்கிறது. தீண்டுதலிலிருந்து பிறந்த அச்சொல் தீட்டு. எச்சில் ஒரு பொருளைப் பற்றியது. தீட்டோ பெரும்பாலும் ஓர் ஆளைப் பற்றியது. கழுவினால் எச்சில் போய்விடும். சிலரைப் பற்றிய தீட்டு எத்தனை முறை குளித்தாலும் போகாது என்று விதித்தனர். அம்மைப்பால் குத்தும் வழக்கம் 1802-இல் இந்தியாவுக்கு வந்தபோது இது வெளிப்பட்டது. மைசூர் நாட்டில் அப்பணியில் முனைந்து ஈடுபட்டவருள் துபுவாவும் ஒருவர். அக்காலத்தில் ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்தே அடுத்தவர் கையில் குத்துவர். 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அதற்கு எழுந்த எதிர்ப்புகளுள் முக்கியமானது, அந்த நீர் எந்தச் சாதியார் கையிலிருந்து வந்தது என்னும் கேள்வி. அந்தக் கை நோயுற்றதா என்ற கேள்வி இரண்டாமிடத்துக்குப் போயிற்று.

எம் வட்டாரத்துக்கே வருவோம். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அன்று நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தவர் சென்று வழிபட்டனர். கோயில் தீட்டுப்பட்டதென்று இராமநாதபுரம் மன்னர் வழக்குத் தொடுத்தார். தீட்டுக் கழிக்கும் செலவையும் நுழைந்தவரே தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் மன்னர் பக்கமே நின்றது. நோயைக் கிருமி பரப்புகிறது என்று பாஸ்டரும் காக்கும் மெய்ப்பித்துவிட்ட காலம் அது. அக்காலத்திலும் ஒரு சாதியாரின் நுழைவு கோயிலைக் கெடுக்கும் என்ற வாதத்தை ஐரோப்பிய நீதிபதிகள் சட்டமாக ஏற்றனர். பின்னாளில் தென்மாவட்டத் தேநீர்க் கடைகள் பலவற்றில் பட்டியல் சாதியினருக்கென இருந்த தனிக் குவளையையும் நாம் அறிவோம். அது எச்சிலுக்கு அஞ்சி வைத்த குவளையன்று. அதற்கு அஞ்சியிருந்தால் எல்லாக் குவளைகளையும் கொதிநீரில் கழுவியிருப்பர்.

இனி மூன்றாவது சொல். ஒட்டிக்கொள்வது, பற்றிக்கொள்வது என்னும் பொருளுடையது தொற்று. அது சாதி பார்ப்பதில்லை என்று சொல்வது எளிது. ஆயினும் 1918-ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால் அவ்வாறு சொல்லி நகர்ந்துவிட முடியாது.

அவ்வாண்டு கோடையில் பம்பாய்த் துறைமுகத்தில் இன்புளுவென்சா கால் வைத்தது. செப்டம்பரில் இரண்டாம் அலை கொடுமையாக எழுந்து, இருப்புப்பாதை வழியே நாடெங்கும் பரவியது. அதற்குக் காரணமான வைரசு 1933-இல்தான் கண்டறியப்பட்டது. காரணம் அறியாத நிலையில் உலகமே திகைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் முகமூடி அணியாதவருக்குத் தண்டம் விதித்தனர். 1919 ஜனவரியில் முகமூடியை எதிர்க்க அங்கே ஒரு சங்கமும் தோன்றியது. ஜப்பானிலோ சுவரொட்டிகள் ஒட்டி முகமூடியைப் பழக்கினர்; அப்பழக்கம் இன்றுவரை அங்கு நிலைத்துவிட்டது. இந்தியாவில் அரசின் சுகாதார ஆணையராக இருந்த நார்மன் வைட் என்ற ஆங்கிலேயர் 1919-இல் அளித்த முதற்கட்ட அறிக்கை, இறந்தோர் சுமார் 60 லட்சம் என்று கணித்தது. பின்வந்த ஆய்வாளர்கள் 1.2 கோடி முதல் 1.8 கோடி வரை கூறுகின்றனர். 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மட்டுமே இந்திய மக்கள்தொகை குறைந்தது. சென்னை மாகாணத்தில் சாவு பம்பாயை விடக் குறைவு. எனினும் போரால் விலையேற்றமும், பருவமழை பொய்த்ததும் சேர்ந்து, 1918 செப்டம்பரில் இங்கே தானியக் கொள்ளைகள் நடந்தன. பசித்த உடம்புகளையே காய்ச்சல் சந்தித்தது.

பம்பாய் நகரின் கணக்கு நம் வழக்குக்கு நேரடிச் சான்று. அங்கு ஆயிரம் பேருக்கு இறந்தோர் ஐரோப்பியரில் சுமார் 8. சாதி இந்துக்களில் சுமார் 19. ஒடுக்கப்பட்ட சாதியினரில் 61-க்கும் மேல். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தவர் குறைவாகவே இறந்தனர். எச்சில் ஆசாரத்தை வழுவாது காத்தவர் அவரினும் இரு மடங்குக்கு மேல் இறந்தனர். அதனால் கைக்குட்டை வென்றது என்று முடிவு கட்டுவது பேதைமை. ஐரோப்பியருக்குக் காற்றோட்டமான மாளிகையும் நல்லுணவும் பணிவிடை செய்ய ஆட்களும் இருந்தனர். ஒடுக்கப்பட்டோருக்கு ஒற்றை அறையும் அரைவயிறும் இருந்தன. தீட்டு என்று ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவரைத் தொற்று தேடிச் சென்று கொன்றது. வறுமைக்கும் நெரிசலுக்கும் அவர்களைத் தள்ளிய கை மனிதருடையது.

மற்றொரு செய்தியும் உண்டு. இந்தியாவில் அக்காய்ச்சலுக்கு ஆண்களை விடப் பெண்களே மிகுதியாக இறந்தனர். நோயாளிகளைப் பேணியவர் பெண்கள் என்பதும், அவர்களுக்கு ஊட்டம் குறைவு என்பதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் யார் என்பதை நம் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. எச்சில் என்ற சொல்லின் இரண்டாம் பொருள் இங்கு வேறொரு வகையில் உயிர் குடித்தது.

நூறாண்டு கழித்தாவது இச்சொற்களைப் பிரித்தறியக் கற்றோமா? 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைச் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கி விரட்டியது. ஆம்புலன்சின் கண்ணாடிகள் நொறுங்கின. முறைப்படி பொதிந்து புதைத்த உடலால் அக்கம்பக்கத்தாருக்கு நோய் வராது என்று மருத்துவர்கள் எடுத்துக் கூறியிருந்தனர். தாக்கியவர்களுள் பலர் முகக்கவசம் அணிந்தும் இருக்கலாம். அவர்கள் வாயில் இருந்த சொல் தொற்று. மனத்தில் இருந்தது தீட்டு.

எனவே முன்னோர் அறிவு என்னும் கட்சிக்கு நாம் பாதித் தீர்ப்பே தர இயலும். அண்ணாந்து குடிப்பதும் கால் கழுவுவதும் நல்ல பழக்கங்கள், போற்றிக் காப்போம். ஆனால் அப்பழக்கங்களால் ஒரு சமூகம் காப்பாற்றப்பட்டதற்கு 1918 சான்று தரவில்லை. இடமும் உணவும் பேணுவாரும் இருந்தவரே மிகுதியாகப் பிழைத்தனர்.

திருத்தங்கலும் சிவகாசியும் மழை குறைந்த பூமி. அதனாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இங்கு வேரூன்றின. அடிக்கடி கை கழுவுங்கள் என்று அறிவுறுத்தும்போது, குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்கள் காத்திருக்கும் தெருக்களை நினைக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லும்போது, செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அந்த நான்கு நாள் கூலியை யார் தருவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வருமுன் பஞ்சாயத்துகளும் மாநகராட்சிகளும் ஆலை முதலாளிகளும் விடை காண வேண்டிய கேள்விகள் இவை.