தூரிகையை வைத்த அக்கா

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தாய்த்துறைமுகம் லோரியாந்து. 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமான பின், நம் கரைக்கும் அந்த ஊருக்கும் உறவு உண்டானது. 1869-இல் கடற்படை அதிகாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு எட்மா மொரிசோ குடிபோனதும் அந்த லோரியாந்துக்குத்தான். எட்மாவும் தங்கை பெர்த்தும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள். பாரிசின் சலோன் கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றிருந்தன. கல்யாணத்தோடு அக்கா வரைவதை விட்டுவிட்டார்.

அந்த அக்காவைத்தான் 1872-இல் பெர்த் ‘தொட்டில்’ என்ற படத்தில் தீட்டினார். அதில் கைக்குழந்தை பிளான்ஷ் உறங்குகிறாள். எட்மா இடக்கையைக் கன்னத்தில் ஊன்றி, வலக்கையால் மெல்லிய வலைத்திரையின் ஓரத்தைப் பிடித்திருக்கிறார். தாயின் மடங்கிய கையைப் போலவே பிள்ளையின் கையும் மடங்கிக் கிடக்கிறது. திரையை வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்புத் தீற்றல்களாலேயே பெர்த் நெய்துவிட்டார். தாய்மையின் படம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எட்மாவின் பார்வையில் பாசம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அயர்ச்சி இருக்கிறது, எங்கோ போய்விட்ட மனம் இருக்கிறது. கூடவே படித்த தங்கைக்குத்தான் அது தெரிந்திருக்கும்.

1874-இல் பாரிசில் நதாரின் பழைய புகைப்படக்கூடத்தில் இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் நடத்திய முதல் கண்காட்சியில் இந்தப் படமும் தொங்கியது. அந்தக் குழுவோடு படங்களைக் காட்சிக்கு வைத்த முதல் பெண் பெர்த். ஓரிரு விமர்சகர்கள் பாராட்டினார்கள். வாங்க ஆள் வரவில்லை. விற்கும் முயற்சியைக் கைவிட்டார் பெர்த். அரை நூற்றாண்டுக்கு மேல் படம் குடும்பத்திலேயே இருந்தது. 1895-இல் அவர் இறந்தபோதும் அது விலைபோகாத படம்தான்.

1930-இல் லூவர் அதை வாங்கியது. அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1947-இல் ஷூ தெ போம் அருங்காட்சியகத்துக்கு மாறிய படம், 1986-இல், பழைய ரயில் நிலையம் ஒன்றில் திறக்கப்பட்ட ஓர்சே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 56 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிறிய படம் அது. தலைப்பில் எட்மாவின் பெயர் இல்லை.

பாரிசில் சொந்தபந்தம் இல்லாத தெரு காரைக்காலில் குறைவு. அங்கே போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்தோடும் லா சப்பல் கடைத்தெருவோடும் திரும்பிவிடாதீர்கள். ஓர்சேயில் மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணம் கிடையாது. போனால் குழந்தையைப் பார்க்குமுன் எட்மாவின் முகத்தைப் பாருங்கள்.