நொதியற்ற குளுக்கோசு உணரி

நொதியற்ற குளுக்கோசு உணரி என்பது, நொதி எதனையும் பயன்படுத்தாமல், மின்முனையின் பரப்பிலேயே குளுக்கோசை ஆக்சிசனேற்றம் செய்து, அப்போது தோன்றும் மின்னோட்டத்தைக் கொண்டு அதன் செறிவை அளக்கும் மின்வேதியியல் கருவியாகும். பிளாட்டினம், தங்கம், நிக்கல், தாமிரம் ஆகியவற்றின் நானோதுகள்களும் சில உலோக ஆக்சைடுகளும் இதற்குப் பயன்படுகின்றன.

பின்னணி

குளுக்கோசு ஆக்சிடேசு நொதியை மின்முனையுடன் இணைக்கும் முறையை லேலண்டு கிளார்க்கும் லயன்சும் 1962 ஆம் ஆண்டு முன்வைத்தனர். வீடுகளில் பயன்படும் இரத்தச் சர்க்கரைச் சோதனைப் பட்டைகள் பெரும்பாலும் நொதி வழியிலேயே இயங்குகின்றன. நொதி ஒரு புரதம் ஆதலால் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் செயலிழக்கக்கூடியது. பட்டைகளை இறுக மூடிய குப்பியில் வைக்கச் சொல்வது இதனாலேயே.

செயல்படும் முறை

காரக் கரைசலில் உள்ள நிக்கல் மின்முனையின் மேல் நிக்கல் ஐதராக்சைடுப் படலம் உருவாகிறது. தகுந்த மின்னழுத்தத்தில் இது எலக்ட்ரானை இழந்து நிக்கல் ஆக்சிஐதராக்சைடாக மாறுகிறது. அது குளுக்கோசிடமிருந்து எலக்ட்ரானைப் பெற்றுப் பழைய நிலைக்குத் திரும்ப, குளுக்கோசு குளுக்கோனோலாக்டோனாகவும் பின்னர் குளுக்கோனேட்டாகவும் மாறுகிறது. இச்சுழற்சி தொடர்வதால், குளுக்கோசு கூடும்போது மின்னோட்டமும் கூடுகிறது. கரிமச் சேர்மங்கள் நிக்கல் மின்முனையில் ஆக்சிசனேற்றம் அடைவதைப் பிளெய்ச்மான், கோரினெக், பிளெட்சர் ஆகியோர் 1971 இல் ஆராய்ந்தனர்.

நானோபொருட்களின் பங்கு

ஒரே நிறையுள்ள உலோகத்தை 1 மைக்ரோமீட்டர் துகள்களுக்குப் பதிலாக 10 நானோமீட்டர் துகள்களாக அமைத்தால் மொத்தப் பரப்பு 100 மடங்காகும். ஆயினும் பரப்பு மிகுவது மட்டுமே இதன் பயன் அன்று. இரத்தத்தில் உள்ள அசுகார்பிக் அமிலம் மின்முனையை அடைந்தவுடன் விரைந்து வினைபுரியும். எனவே நுண்துளைகள் நிறைந்த பரப்பின் வெளிப்புறத்திலேயே அது தீர்ந்துவிடுகிறது. பிளாட்டினத்தின் மீது மெதுவாக வினைபுரியும் குளுக்கோசோ துளைகளின் உட்பரப்பு முழுவதையும் பயன்படுத்திக்கொள்கிறது. இதனால் குளுக்கோசின் குறிகை மட்டும் வெகுவாக உயர்ந்து, குறுக்கீட்டின் பங்கு குறைகிறது.

குறைபாடுகள்

நிக்கல், தாமிர உணரிகளுக்குக் காரச் சூழல் தேவை. ஆய்வகங்களில் பெரும்பாலும் பி.எச். 13 அளவுள்ள சோடியம் ஐதராக்சைடுக் கரைசலில் இவை சோதிக்கப்படுகின்றன, இரத்தத்தின் பி.எச். ஏறத்தாழ 7.4 மட்டுமே. பிளாட்டினம் நடுநிலைக் கரைசலிலும் இயங்கும் எனினும், குளோரைடு அயனிகளும் வினையின் இடைவிளைபொருட்களும் அதன் பரப்பில் ஒட்டி அதனை மழுக்கிவிடுகின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் மைக்ரோமோலார் அளவுக்கும் கீழான கண்டறி எல்லையைக் காண்போர், அது எந்தக் கரைசலில் அளக்கப்பட்டது என்பதை முதலில் பார்ப்பது நன்று. இரத்தத்தை அளக்க அத்துணை நுட்பம் தேவையும் இல்லை: உணவுக்கு முன் இயல்பான அளவே ஏறத்தாழ 4 முதல் 5.6 மில்லிமோலார் (70 முதல் 100 மில்லிகிராம்/டெசிலிட்டர்).

பிற சர்க்கரைகளைப் பிரித்தறியாமை இதனினும் பெரிய சிக்கலாகும். பிரக்டோசு, கேலக்டோசு, மால்டோசு ஆகியவையும் இம்மின்முனைகளில் ஆக்சிசனேற்றம் அடையக்கூடும். நொதிப் பட்டைகளிலேயே இக்குழப்பம் உயிரிழப்பில் முடிந்துள்ளது. ஒருவகைக் குளுக்கோசு டீஐதரசனேசு நொதி, சில சிகிச்சைத் திரவங்களிலிருந்து உடலில் சேரும் மால்டோசையும் குளுக்கோசு எனக் கணக்கிட்டது. பொய்யாக உயர்ந்த அளவை நம்பி இன்சுலின் தந்தால் உண்மையான சர்க்கரை ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும். இவ்வகைப் பட்டைகளின் தவறான அளவீட்டோடு தொடர்புடைய 13 இறப்புகள் 1997 முதல் 2009 வரை பதிவானதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 இல் எச்சரித்தது.